பரிசோதனையில் உள்ளது

மூன்று மணி ஆகிவிட்டது, இனி நாலரை வரைக்கும் ராகு காலம், அதுவரை எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று நினைத்ததும் கோகிலவாணிக்கு ஒரு நிம்மதி வந்தது, வந்த வேகத்தில் அந்த நிம்மதியின் மேலேயே எரிச்சலும் வந்தது. வெப்சைட் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் வேலை, கோயமுத்தூர் கிராஸ்கட் ரோட்டில் மூன்றாவது மாடி, ஏசி, அவள் சொன்னால் நாலு பேர் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அனுபவம், அப்பேர்ப்பட்டவள் பஞ்சாங்கத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறாள். காலையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே மாமியார் சொன்னதுதான். "மூணுலருந்து நாலரை வரைக்கும் ராகு காலம் கண்ணு. அந்நேரத்துல போயி அதைத் தொறந்து கிறந்து பாத்துப்போடாதே." வேறு நாளாக இருந்தால் சரிங்கத்தை என்று சொல்லிவிட்டு மறந்திருப்பாள். இன்றைக்கு அந்தச் சொல்லை முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருக்கிறாள். எதிரே திரையில் சுரபி லேப் பக்கம். பெயர், கோகிலவாணி. வயது, முப்பத்து நான்கு. நிலை, பரிசோதனையில் உள்ளது. இடது மார்பில் இருந்த கட்டியில் ஊசியைக் குத்தி உறிஞ்சி எடுத்தது ராம்நகரில் ஏதோ ஒரு கண்ணாடித் துண்டில் தடவிக் கிடக்கிறது, யாரோ ஒருவர் குனிந்து அதைப் பார்க்கிறார், அல்லது பார்த்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் முடிவு வந்துவிடும், நெட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று கவுண்டரில் இருந்த பெண் சொன்னபோது கோகிலவாணிக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அம்மா தாயே, அந்தப் பக்கத்தைக் கட்டினதே நான்தான்.

பரிசோதனையில் உள்ளது. அந்த வரி பொய்யாக இருக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும், அவளைத் தவிர இந்த ஆபீசில் வேறு யாருக்கும் தெரியாது. ஆபீசில் இரண்டு பிரவுசருக்கும் பெயர் வைத்திருந்தார்கள், நரிப் படம் போட்டது நரி, நீல எழுத்துப் போட்டது நீலம். நரி எப்போது கேட்டாலும் லேப் அறிக்கைகள் இருக்கும் சர்வர் வரைக்கும் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லும். நீலம் அப்படியில்லை, அது ஒரு சோம்பேறி. ஒரு தடவை கேட்ட கேள்வியையே மறுபடி கேட்டால், இதைத்தான் அப்போதே கேட்டாயே என்று பைக்குள் வைத்திருக்கும் பழைய பதிலை எடுத்து நீட்டிவிடும், சர்வர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கோகிலவாணி கட்டிய பக்கம் நிமிஷத்துக்கு ஒரு தரம் சர்வரைக் கேட்கும், முடிவு வந்ததா, வந்ததா, வந்ததா என்று. நீலத்தில் அது அத்தனை தரமும் கேட்பது நீலத்தின் பையைத்தான். கட்டும்போது அவள் எல்லாவற்றையும் நரியில் மட்டும் ஓட்டிப் பார்த்தாள். நீலத்தில் ஒரே ஒரு தரம் திறந்து பார்த்தாள், எழுத்து சரியாகத் தெரிகிறதா, பெட்டிகள் கோணாமல் நிற்கின்றனவா என்று. நின்றன. மூடிவிட்டாள். நேற்றுப் போகும் நேரத்தில்தான் பாஸ்கரன் சார், இவளுக்கு மேலே இருக்கிறவர், வந்து சொன்னார், லேபிலிருந்து புகார், சில ஊர்களில் பக்கம் மாறவே இல்லையாம், நாளைக்குச் சாயங்காலத்துக்குள் பார்த்துவிடுங்கள் என்று. காலையில் வந்து உட்கார்ந்து காபி ஆறுவதற்குள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். கேள்வியின் வாலில் ஒவ்வொரு தரமும் மாறுகிற எண் ஒன்றை ஒட்டிவிட்டால் போதும், அந்தந்த விநாடியின் நேரத்தையே ஒட்டலாம், நீலம் அதைப் புதுக் கேள்வி என்று நம்பிக்கொண்டு சர்வருக்கு ஓடும். ஒரே ஒரு வரி. காலையில் கண்டுபிடித்த அந்த ஒரு வரியை மதியம் மூன்று மணி வரைக்கும் அவள் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டால் சொல்லமாட்டாள், தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை. நரியைக் காலையிலிருந்து திறக்கவே இல்லை. நீலத்தை மட்டும் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் திறந்து தன் எண்ணைப் போட்டாள். பரிசோதனையில் உள்ளது. அப்போது அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். இப்போது தெரியாது. உண்மை மாறியிருந்தாலும் நீலத்தின் இந்த ஜன்னலில் மாறாது, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இப்படியே இருக்கும், நாலரை வரைக்கும், ஐந்து வரைக்கும், மகள் மிருதுளாவுக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும்.

இதைக் கட்டி முடித்த அன்றைக்கு எவ்வளவு பெருமை. லேபில் பெரிய டாக்டர் அறையில் காட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் முழுப் பக்கமும் வெள்ளையாகி, இருந்தது எல்லாம் போய், மேலிருந்து கீழே ஒவ்வொன்றாக வந்து நிற்கும், அதற்குள் மனுஷனுக்குப் பாதி உயிர் போய்விடும். இது அப்படியில்லை டாக்டர், பக்கம் அப்படியே இருக்கும், அந்த ஒரு வரி மட்டும் தானாக மாறும், நோயாளி எதையும் அமுக்க வேண்டாம், சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று அவள்தான் சொன்னாள். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும். நோயாளி என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னாள், ஏதோ வேறு ஜாதி ஜனம் மாதிரி. டாக்டருக்குக் காட்ட ஒரு நோயாளி வேண்டியிருந்தது, அவசரத்தில் தன் பெயரையே போட்டாள். கோகிலவாணி, முப்பத்து நான்கு, பெண். வரியைப் பரிசோதனையில் என்று வைத்து, பிறகு தயார் என்று மாற்றி, உள்ளே அறிக்கையில் முதலில் ஒன்றுமில்லை என்று ஒரு மாதிரி, பிறகு எல்லாம் இருக்கிறது என்று ஒரு மாதிரி. லேப்காரர்கள் கொடுத்த பழைய அறிக்கைகளைப் பார்த்து அந்த இங்கிலீஷ் வாக்கியங்களை அவள் கையாலேயே அடித்தாள். ஒரு மாசம் முழுக்கத் தனக்குத்தானே சர்க்கரை கொடுத்தாள், மஞ்சள் காமாலை கொடுத்தாள், புற்றுநோய் கொடுத்தாள், எடுத்தாள், மறுபடி கொடுத்தாள். ஊரில் வேறு பெயரே கிடைக்கவில்லையா. மாமியாருக்கு மட்டும் இது தெரிந்தால் முச்சந்தியில் நிற்க வைத்து உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிடுவார். கோகிலவாணிக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை கிடையாது, ஆனால் விரல் இருக்கிறதே, அந்த வாக்கியத்தைத் தன் பெயருக்குக் கீழே அடித்தது இந்த விரல்தானே. அடித்த மாசத்துக்கு அடுத்த மாசம், குளிக்கும்போது சோப்பு வழுக்கிக்கொண்டு போன இடத்தில் இதே விரல்தான் அதைக் கண்டுபிடித்தது. சுண்டைக்காய் அளவு. முதலில் நழுவிற்று, பிறகு வந்து விரலுக்கடியில் நின்றது.

மேஜைப் போன் அடித்தது. பக்கத்தின் அடியில் உதவிக்கு என்று போட்டிருக்கும் எண் இந்தப் போனுடையது, அந்த யோசனையும் அவளுடையதுதான், யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற தைரியத்தில் போட்டது. "ஏனுங்க, லேப் கம்ப்யூட்டர் ஆபீசுங்களா?" என்றது ஒரு ஆண் குரல், வயசான குரல், பின்னால் பஸ் ஹாரன். "நான் உடுமலைப்பேட்டைல இருந்து பேசறனுங்க. நாச்சிமுத்துங்க. என்ற சம்சாரம் ராமாத்தாளுக்கு ஊசி போட்டு எடுத்தாங்க, மார்ல கட்டிக்கு. அது இதுல வந்துருமுன்னு சொன்னாங்க. வரவே மாட்டீங்குதுங்க." கோகிலவாணியின் இடது கை தானாக எழுந்து மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. எப்போ கொடுத்தீங்க என்று கேட்டாள். "அதாச்சுங்க போன திங்கக்கெழமை. புதன்கெழமை வந்து பாத்தனுங்க, பரிசோதனைல இருக்குதுன்னு சொல்லுச்சு. செரி இருக்குதாக்கும்னு போய்ட்டனுங்க. வெள்ளிக்கெழமை வந்தனுங்க, அதேதான். நேத்தும் அதேதான். இப்பவும் அதேதானுங்க அம்மிணி. பிரவுசிங் சென்டர்காரரு நல்ல மனுசன், எனக்குன்னே மூலைல ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கி, அண்ணா நீங்க பாட்டுக்கு உக்காந்து பாத்துட்டிருங்கன்னு உட்டுட்டாருங்க. நானும் பாத்துட்டேதான் இருக்கறனுங்க." அதே கம்ப்யூட்டர். ஒவ்வொரு தடவையும் அதே மூலைக் கம்ப்யூட்டர். சின்ன ஊர்களில் நெட் நத்தை வேகத்தில் வரும், அதனால் பிரவுசிங் சென்டர்காரர்கள் நீலத்தைப் பழையதையே எடுத்துக் காட்டும்படி அமைத்து வைத்திருப்பார்கள், இதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். புதன்கிழமை வாங்கிய பதிலை அந்த மூலைக் கம்ப்யூட்டர் இவருக்காகப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்திருந்தால்கூடத் தெரிந்திருக்கும். அதைச் சொல்லலாம். இந்த நிமிஷமே சொல்லலாம், அண்ணா, பக்கத்துக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாருங்க. நாக்கு எழவில்லை. பக்கத்துக் கம்ப்யூட்டரில் முடிவு வரும், இவர் கேட்பார், என்ன போட்டிருக்கிறது என்று கேட்பார், மார்பில் கட்டி, ஊசி, முடிவு, அதை அவள் வாயால் சொல்ல வேண்டிவரும். "அதுல ஒரு சின்னப் பிரச்சனைங்க," என்றாள். "சரி பண்ணிட்டு இருக்கோம். சித்த நேரம் கழிச்சுப் பாருங்க." எவ்வளவு நேரம் என்று அவர் கேட்கவில்லை. "செரிங்க அம்மிணி. இப்ப ராகு காலம் வேற. நாலரை தாண்டியே வரட்டும், ஒண்ணும் அவசரமில்லீங்க. டாக்டரு ரிப்போட்டை எடுத்துட்டு வாங்க, அப்பறம் பேசிக்கலாமுன்னு சொல்லிப்போட்டாரு, அதுக்குத்தானுங்க. நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன்."

போனை வைத்த பிறகும் அந்தக் குரல் காதில் இருந்தது. ஒண்ணும் அவசரமில்லீங்க. இவளுக்காக அவர் சொன்ன சமாதானம் அது, பாவி மனுஷன். சர்வரில் எல்லா நோயாளிகளின் பட்டியலும் இருக்கிறது, கதவைத் திறந்து உள்ளே போனால் ராமாத்தாள் பெயரைத் தேட ஒரு நிமிஷம் ஆகாது. ஆனால் அதே பட்டியலில் கோகிலவாணியும் இருப்பாள், கண்ணை எங்கே வைத்துக்கொண்டு தேடுவது. அதுவுமில்லாமல் நோயாளிகளின் விவரத்தை நாம் பார்க்கக் கூடாது என்று ஒரு விதி இருக்கிறது, நல்லவேளை. விதி இருப்பதில்தான் எவ்வளவு சௌகரியம். அவள் அந்த ஒரு வரியை எழுதினாள். கை நடுங்காமல் எழுதியது, விரல்களுக்கு இதெல்லாம் பழக்கம். சேமித்தாள். சர்வருக்கு ஏற்றும் பட்டனின் மேல் மவுஸைக் கொண்டுபோய் வைத்தாள். ஏற்றிவிட்டால் எல்லா ஊர் நீலமும் உண்மை பேச ஆரம்பிக்கும், இந்த ஜன்னலும் அதோடு சேர்ந்து பேசும். மவுஸிலிருந்து கையை எடுத்தாள். ஒரு தரம் சரிபார்த்துக்கொள்ள வேண்டாமா, அவசரமாக ஏற்றி வேறு எங்காவது உதைத்துக்கொண்டால். ஒரு வரியில் எங்கே உதைக்கும். இருந்தாலும். ஒரு வரிதானே என்று ஏற்றி எத்தனை பேர் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எழுதியதை வாசித்தாள், மறுபடி வாசித்தாள், சரியாகத்தான் இருந்தது, சரியாக இருந்ததில் ஏமாற்றமாக இருந்தது.

ஏசிக் காற்று நேராகக் கழுத்தில் விழுந்தது. சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். ஊசி குத்திய இடம் இன்னும் கன்றிப்போய் இருந்தது, உள்பாடி பட்டால் வலித்தது, வலித்தால் ஒரு ஆறுதல், கெட்ட கட்டி வலிக்காது என்று யாரோ சொன்னார்களே. யார் சொன்னது. எந்த டாக்டரும் சொல்லவில்லை, பஸ்ஸில் யாரோ யாரிடமோ சொன்னது. ஊசி போட்ட அறையில் ஒரு ஆண் டெக்னீஷியன், நர்ஸ் பக்கத்தில் நின்றாள், அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை, மரியாதைக்காகத்தான் பார்க்கவில்லை, ஆனாலும் முகத்தை ஒரு தரம் பார்த்திருக்கலாம். ஒட்டின பஞ்சை வீட்டுக்கு வந்து பிரிக்கும்போது மிருதுளா கதவைத் தட்டினாள், அம்மா என் ஜாமெட்ரி பாக்ஸ் எங்கம்மா. ஜாமெட்ரி பாக்ஸ் ஃப்ரிட்ஜ் மேல் இருந்தது. அந்த வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். கனகராஜுக்கு, அவள் புருஷனுக்கு, கணபதிப் பக்கம் மோட்டார் கம்பெனியில் நூறு விதமான போல்ட் எந்த டப்பாவில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும், வீட்டில் டீத்தூள் எந்த டப்பா என்று தெரியாது. அவள் இல்லாவிட்டால் மனுஷன் ஒரு வாரம் டீ குடிக்காமல் திரிவார், அப்புறம் யாராவது ஒருத்தி வந்து டீத்தூளைக் கண்டுபிடித்துக் கொடுப்பாள். அந்த ஒருத்தியின் முகம்கூடத் தெரிந்தது கோகிலவாணிக்கு, நெற்றி அகலம், கொஞ்சம் பல் தூக்கல், நல்ல பெண்தான், மிருதுளாவுக்கு இறுக்கமாகச் சடை பின்னிவிடத் தெரியாது, அது ஒன்றுதான் குறை. சீ. என்ன நினைப்பு இது. வரியைப் பார்த்தாள். பரிசோதனையில் உள்ளது. இன்னும் ஒன்றுமில்லை. மிருதுளா ஆறாம் வகுப்பு, பதினொரு வயசு, இன்னும் பெரியவளாகவில்லை, அதை யார் அவளுக்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பார்கள், அத்தை சொல்லமாட்டார், அத்தைக்கு வெட்கம். இன்றைக்கு ராத்திரியே சொல்லிவிட வேண்டும். ஏன் இன்றைக்கு ராத்திரியே. பரிசோதனையில் உள்ளது. பார், ஒன்றுமில்லை. நீலம் நல்ல பிரவுசர்தான், ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். பயமாக இருந்தது. சுத்தமான பயம், அதற்கு வேறு பெயர் இல்லை.

"ஆச்சா கோகிலா?" பாஸ்கரன் சார் பின்னால் நின்றார், கையில் பன். "டெஸ்ட் பண்ணிட்டு இருக்கேன் சார்." "ரெண்டு பிரவுசர்லயும் பாத்துடுங்க. போன தடவை மாதிரி ஆயிடப் போகுது." சொல்லிவிட்டுப் போய்விட்டார். போன தடவை மாதிரி. அவருக்கு அது ஒரு புகார், லேபுக்கு ஒரு மெயில் போட்டால் தீர்ந்தது. செல்போன் மேஜையில் அதிர்ந்தது, கனகராஜ். "பாத்தியா கோகி?" "இல்லீங்க. ராகு காலம்." "ஆமாமா, அம்மா சொல்லுச்சு. இருக்கட்டும், இருக்கட்டும். ஒண்ணும் இருக்காது." "ம்." "எனக்குத் தெரியும், ஒண்ணும் இருக்காது." ஊசி போட்ட நாளிலிருந்து அவர் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். காலையில் பல் தேய்க்கும்போது, பைக்கில் போகும்போது திரும்பாமலே, தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது. அவரிடம் வேறு பதில் இல்லை, பாவம், அவருக்கும் உள்ளே போய்க் கேட்டுப் பார்க்கப் பயம். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. சாப்டியா என்று கேட்டார். சாப்டேன் என்றாள். டிபன் பாக்ஸ் காலுக்குப் பக்கத்தில் திறக்காமல் இருந்தது.

அவர் வைத்த பிறகுதான் நாச்சிமுத்துவின் நாற்காலி ஞாபகத்துக்கு வந்தது. பார்த்திராத மனுஷன், பார்த்திராத கடை, ஆனால் அந்த நாற்காலியை அவளால் பார்க்க முடிந்தது, பிளாஸ்டிக், பின்பக்கம் விரிசல், மடியில் மஞ்சப்பை, அதில் லேப் சீட்டு. உலகத்தில் இந்த நிமிஷம் இரண்டு பேர் ஒரே வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் பொய் என்று தெரிந்து பார்க்கிறாள். அவர் நிஜம் என்று நம்பிப் பார்க்கிறார். ராமாத்தாள் வீட்டில் இருப்பாள், ஒவ்வொரு தரமும் வாசலில் நின்று, வந்துச்சுங்களா என்று கேட்டிருப்பாள், இல்லை என்றதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வராட்டித்தான் என்ன, ஒன்றும் இல்லாததனால்தான் வரவில்லை என்று மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பாள். வெள்ளிக்கிழமை அப்படி. சனி, ஞாயிறு. நேற்று. உள்ளே இருப்பது கெட்டதாக இருந்தால் அது இவர்கள் பார்ப்பதற்காகவா காத்துக்கொண்டிருக்கும். அது பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருக்கும், அதற்கு ராகு காலம் உண்டா, எமகண்டம் உண்டா. இதை நினைத்தபோது ராமாத்தாளின் கட்டியை நினைத்தாளா தன்னுடையதை நினைத்தாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. காலையில் காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்தேன். காலையிலேயே ஏற்றியிருந்தால் அந்த மனுஷன் வந்து உட்கார்ந்ததுமே தெரிந்திருக்கும், மத்தியான பஸ்ஸில் கோயமுத்தூர் வந்து டாக்டரையும் பார்த்திருப்பார். இத்தனை நேரம் நான் எனக்காக அவரை உட்கார வைத்திருக்கிறேன். மணி நாலு அடித்துக் கொஞ்சம் ஆகியிருந்தது, நாலரை ஆகவில்லை. மன்னிச்சுக்குங்கத்தை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு பட்டனை அமுக்கினாள்.

ஏறிவிட்டது. கடைசியாக ஒன்று செய்தாள், நோயாளி மாதிரி பக்கத்தை விட்டு வெளியே போய், தன் எண்ணைப் போட்டு மறுபடி உள்ளே வந்தாள். பக்கம் வந்து நின்றது. பிறகு, அவள் டாக்டருக்குக் காட்டியபடியே, எதுவும் கண் சிமிட்டாமல், எதுவும் வெள்ளையாகாமல், அந்த ஒரு வரி மட்டும் மாறியது. அறிக்கை தயார். கீழே ஒரு கோடு போட்ட எழுத்து, திறக்க இங்கே அமுக்கவும். எவ்வளவு அழகாக மாறுகிறது, சத்தமே இல்லாமல். அவள் அமுக்கவில்லை. அமுக்குவதற்குள் மேஜைப் போன் அடித்தது.

"அம்மிணி, நாச்சிமுத்துங்க. மறுபடியும் நம்பரைப் போட்டனுங்க. மாறிருச்சுங்க!" சந்தோஷம் அந்தக் குரலில், பஸ் வந்துவிட்டது என்கிற மாதிரி சந்தோஷம். "எல்லாம் இங்கிலீசுல கிடக்குதுங்க. சென்டர்காரரு படிக்கறேங்கறாரு, அவருக்கும் புரியலீங்களாமா. உங்களுக்குப் புரியுமுங்களா? இருங்க, அவருகிட்டக் குடுக்கறேன்." வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் இன்னொரு குரல், இளசு, தயங்கித் தயங்கி, எழுத்துக்கூட்டி வாசிக்க ஆரம்பித்தது. இரண்டாவது வார்த்தையிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாக்கியம் அவளுக்கு மனப்பாடம். பழைய அறிக்கையைப் பார்த்துத் தன் பெயருக்குக் கீழே எத்தனை தரம் அடித்திருக்கிறாள், எங்கே கமா வரும் என்றுகூடத் தெரியும். இரண்டு மாதிரிகளில் இரண்டாவது மாதிரி. "போதுங்க," என்றாள். "அவருகிட்டக் குடுங்க." போன் கை மாறுகிற சத்தம்.

"பெருசா ஏதாச்சுங்களா அம்மிணி?" ஒண்ணும் இருக்காதுங்க. தயாராக நாக்கின் நுனியில் நின்றது அந்தப் பதில், நாலு நாளாக அவளுக்குக் கிடைத்த அதே பதில், எடுத்து நீட்டிவிட்டால் அவர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். "அண்ணா, அது நல்ல கட்டி இல்லீங்க," என்றாள். "கெட்ட அணு இருக்குதுன்னு போட்டிருக்காங்க. நீங்க இன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க, நாளைக்குக் காலைல அம்மாவைக் கூட்டிட்டு வந்துருங்க. வைத்தியம் இருக்குதுங்க. நாள் கடத்தக் கூடாது." அந்தப் பக்கம் பஸ் ஹாரன் அடித்தது. பிறகு, "அப்பிடீங்களா," என்றார். மறுபடியும், "அப்பிடீங்களா." சென்டர்காரரிடம் ஏதோ கேட்டுக்கொண்டு, "அம்மிணி, இதுல தேதி போட்டிருக்குதுங்களே. வியாழக்கெழமைன்னு. வியாழக்கெழமையேவா வந்துருச்சு? நான் வெள்ளிக்கெழமை வந்து பாத்தனே." அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "நாந்தான் செரியாப் பாக்காம உட்டுட்டனாட்ட இருக்குது," என்றார் நாச்சிமுத்து. "கண்ணும் முன்ன மாதிரி இல்லீங்க. ஏதாச்சும் கைதவறி அமுக்கிப்போட்டனோ என்னமோ. அவ கேட்டாளே, ஏனுங்க செரியாப் பாத்தீங்களான்னு கேட்டாளே. நான்தான் போடி, எனக்குப் பாக்கத் தெரியாதான்னு வஞ்சுபோட்டேன்."

"இல்லீங்கண்ணா." கனைத்துக்கொண்டாள். "நீங்க செரியாத்தான் பாத்தீங்க. ஒவ்வொரு தடவையும் செரியாத்தான் பாத்தீங்க. பக்கம்தான் தப்பாக் காட்டுச்சு. அதைக் கட்டினது நான். தப்பு என்னுதுங்க. காலைலயே எனக்குத் தெரியும், அப்பவே சரி பண்ணியிருக்கணும், பண்ணலை." திட்டுவார் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவருக்கு அது முழுசாகப் புரிந்ததா என்று தெரியவில்லை. "செரி உடுங்க அம்மிணி, மிசினுதான," என்றார். "அவகிட்டப் போயி எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலீங்க. அஞ்சே காலுக்கு ஊருக்கு பஸ்சு. போயிச் சொல்றேன்." போன் வைக்கப்பட்டது.

கோகிலவாணி தன் வரியை அமுக்கினாள். யோசிக்காமல்தான் அமுக்கினாள், நாள் முழுக்க யோசித்தது போதும் என்று கையே முடிவு பண்ணிவிட்டது. அறிக்கை திறந்தது. முதல் மாதிரி. கெட்ட அணு எதுவும் காணப்படவில்லை, சாதாரணக் கட்டி, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கவும். வாசித்தாள். பெயரைப் பார்த்தாள், வயசைப் பார்த்தாள், எண்ணைச் சீட்டோடு ஒத்துப் பார்த்தாள், நரியைத் திறந்து அதிலும் போட்டுப் பார்த்தாள். அதுவும் அதையே சொன்னது. சந்தோஷம் வந்தது. வராமல் என்ன, உடம்பு முழுக்க வந்தது, கால் விரல் வரைக்கும், காலையிலிருந்து பட்டினி கிடந்த வயிறு உடனே பசிக்க ஆரம்பித்தது. அந்தப் பசியை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. செல்போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"ஒண்ணுமில்லீங்க," என்றாள். "நிஜமாவே ஒண்ணுமில்லை. சாதாரணக் கட்டிதானாம்." மோட்டார் சத்தத்துக்கு மேல் கனகராஜ் யாரையோ கூப்பிட்டு எதையோ நிறுத்தச் சொன்னார், மூக்கை உறிஞ்சினார். "நான்தான் சொன்னேன்ல," என்றார், "நான்தான் சொன்னேன்ல கோகி," என்று மறுபடி மறுபடி. அவர் அழுவதை அவள் கல்யாணமாகிப் பதிமூன்று வருஷத்தில் கேட்டதில்லை. அப்புறம்தான் அவருக்கு இவள் அழுவது கேட்டிருக்க வேண்டும். "ஏ புள்ள, அதான் நல்லபடியா வந்துருச்சே. இப்ப எதுக்கு அழுவுற?"

"ஒருத்தருக்கு வியாழக்கிழமையே சொல்லியிருக்கணுங்க," என்றாள் கோகிலவாணி. "இன்னைக்குத்தான் சொன்னேன்."